மடியில் தண்ணீர் சொட்டினால்: லேண்ட் ரோவர் மேல்கதவின் துருவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும்; பிடித்தால் லேசில் விடாது. அப்படி ஒரு மழை ஓய்ந்து, வெயில்கூட எட்டிப் பார்த்த பிறகு வண்டியை எடுத்தேன். முதல் வளைவில் திரும்பியதும் வலது தொடையில் ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது. மழை வானத்தில் இல்லை, கதவுக்குள் இருந்தது.

என் வண்டி லேண்ட் ரோவர் சீரீஸ் 3, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 88 அங்குலம் உள்ள குட்டை வகை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உர மூட்டை சுமந்து ஓய்ந்ததை வாங்கினேன். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வண்டியை வாசலில் நிறுத்தியதும் சுற்றி வந்தார், கதவின் கண்ணாடிச் சட்டத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "இது கதவு இல்லடா, பிஸ்கோத்து" என்றார். விரல் உள்ளே போயிருந்தது.

லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்று காப்பிக் கடையில் ஒருவராவது சொல்லுவார். பாதி உண்மை. 1948இல் இந்த வண்டி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் வந்தபோது இங்கிலாந்தில் இரும்பு தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். ஆனால் வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடான சேஸி இரும்பு. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் முன்சுவர் இரும்பு. கதவு இரண்டு துண்டு: கீழ்க்கதவுக்கு இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தோல், கண்ணாடி ஓடும் மேல்கதவின் சட்டம் இரும்பு. அந்த மேல்கதவைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இரண்டையும் போல்ட்டு பிடித்திருக்கிறது, கழற்றினால் மேல்கதவு தனியாகக் கையோடு வந்துவிடும்.

மேல்கதவைக் கெடுப்பது மழை இல்லை, வெளியே போக வழி இல்லாத தண்ணீர். கண்ணாடி முன்னும் பின்னும் ஓடுவதற்கு அடியில் ஒரு சேனல், அதாவது நீளமான பள்ளம் உண்டு. கண்ணாடி கடகடக்காமல் இருக்க அதற்குள் கம்பளி மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும். புதிதாக இருக்கும்போது அருமையான பொருள். பழையதானால் அது விளக்குத் திரி மாதிரி: தண்ணீரை உறிஞ்சி, நாள் முழுக்க இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். ஜனவரி தாண்டிப் பால்மரம் (ரப்பர் மரம்) இலை கொட்டும் காலத்தில் அந்தத் தூள் எல்லாம் சேனலில் இறங்கி, வடிகால் துளையை அடைக்கும். தோட்டத்து வண்டி என்றால் இன்னொன்றும் சேரும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. ஈரக் கம்பளியில் உப்புத் தூள் விழுந்தால் கடற்கரையில் நிறுத்திய வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

சோதனைக்கு ஒரு குத்தூசி, ஒரு காந்தம், டார்ச், ஒரு குவளைத் தண்ணீர் போதும். குவளைத் தண்ணீரை முதலில் செலவழியுங்கள். கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு சேனலில் மெதுவாக ஊற்றுங்கள். வெளிப்பக்கம் வழிந்தால் நல்லது. அப்படியே நின்றால் துளை அடைப்பு. உள்பக்கம் மடி இருக்கும் இடத்தில் சொட்டினால் சட்டம் ஓட்டை. எங்கும் வராமல், கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்க்கதவின் அடியில் சொட்டினால் தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது, கீழ்ச்சட்டத்தையும் பார்க்கவேண்டும்.

சேனலில் பாசி, கண்ணாடி இறுகி ஓடுகிறது

பச்சைப் பாசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது ஆரம்ப நிலை. பழைய பல் துலக்கும் பிரஷ், வெந்நீர், கொஞ்சம் சோப்பு. பாசி போனதும் அடியில் துளையைத் தேடுங்கள். மெல்லிய கம்பியால் குத்தினால் கறுப்புச் சேறு வரும். சேற்றில் செங்கல் நிறச் செதில்கள் கலந்து வந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். வராவிட்டால் கழுவி, காயவைத்து, அதோடு விட்டுவிடலாம். கண்ணாடி வழுக்கி ஓடட்டும் என்று சேனலில் கிரீஸ் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தடவாதீர்கள். தூசியும் கிரீஸும் சேர்ந்தால் உலக்கையால் இடித்தாலும் போகாத மாவு ஆகிவிடும். சிலிக்கன் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும்.

பெயிண்டுக்கு அடியில் கொப்புளம்

கொப்புளத்தைக் கீறி, உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். பழுப்பு என்றால் இரும்பு, மேல்கதவின் சட்டம். துரு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்டு வீங்குகிறது. வெள்ளை மாவு மாதிரி இருந்தால் அது அலுமினியம். அநேகமாகக் கீழ்க்கதவின் மேல்விளிம்பில், மேல்கதவின் இரும்பு வந்து உட்காரும் இடத்தில்தான் இருக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி நின்றால் மின்கலம் மாதிரி ஆகிவிடும், அதில் கரைவது அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் பெயிண்டோ ரப்பர் பட்டையோ இருந்தால் இந்தத் தொல்லை வராது. அதனால் வெள்ளை மாவைச் சுரண்டி பெயிண்டு அடித்தால் மட்டும் போதாது. மேல்கதவைக் கழற்றி நடுவில் ஏதாவது வைத்தாக வேண்டும்.

பழுப்பு என்றால் குத்தூசியை எடுங்கள். கொப்புளத்தில் மட்டும் குத்தாமல் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரம் வரை, பயப்படாமல் அழுத்திக் குத்துங்கள். உறுதியான இரும்பில் ஊசி வழுக்கும். கெட்ட இரும்பில் 'கறுக்' என்று இறங்கும். இறங்கிய இடத்தை எல்லாம் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் அடிச்சட்டத்தில் மட்டும் இருக்கிறதா, மூலை தாண்டி மேலே ஏறியிருக்கிறதா? ஒட்டுப் போடுவதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

காந்தம் ஒட்டவில்லை

மேல்கதவு இரும்பு, காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டாத இடத்தில் உங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் ஓட்டையை மூடப் புட்டிப் பசை அப்பியிருக்கிறார். என் வண்டியின் இடது மூலையில் காந்தம் நழுவி விழுந்தது. புட்டியைச் சுரண்டினேன். அடியில் சுருட்டி வைத்த செய்தித்தாள், அதற்கு அடியில் காற்று. (வேறு மாற்று மேல்கதவுகளில் அலுமினியத்தில் செய்ததும் உண்டு. முழுக் கதவிலும் எங்குமே ஒட்டாவிட்டால் சந்தோஷப்படுங்கள்.)

கண்ணாடி நகரவே இல்லை, அல்லது கையோடு வருகிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டம். முதலில் சேனலுக்கு அடியில் துரு பொங்கி, சேனலின் இரண்டு உதடுகளையும் நெருக்கும், கண்ணாடி மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் துரு உதிர்ந்து, சேனலின் அடிப்பாகமே போய்விடும். கண்ணாடி ஆடும், மேடு பள்ளத்தில் கடகடக்கும், ஒரு நாள் தூக்கினால் வெளியே வந்துவிடும். மாட்டிய கண்ணாடியைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். உடையும்.

கண்ணாடியைக் கழற்ற, சேனலைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளை எடுக்கவேண்டும். எழுதும்போது ஒரு வரி, செய்யும்போது ஒரு பகல். திருகின் தலை துருவில் வழவழப்பாகிவிட்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே ஊற்றி ஊறவிடுங்கள், காலையில் ஒரு முறை மறுபடி ஊற்றுங்கள். திருப்புளியை வைத்துச் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் திருப்புங்கள், பிறகு எதிர்த்திசை. அதற்கும் வராவிட்டால் தலையைத் துளைபோட்டு எடுத்துவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். கீழே இருக்கும் போல்ட்டுகளுக்கு உங்கள் மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டு பொருந்தாது. இது அங்குலக் கணக்கு வண்டி. 'கிட்டத்தட்டப் பொருந்துகிற' ஸ்பானரை மாட்டினால் நட்டின் முனை உருண்டுவிடும், அப்புறம் கிரைண்டர்தான்.

கழற்றிய கண்ணாடிகளில் இடது, வலது, முன், பின் என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

மேல்கதவு ஆடுகிறது, மேலே காற்று விசிலடிக்கிறது

இங்கே அவசரப்பட்டுத் துருவைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் கீழ்க்கதவைத் திறந்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். முழுக் கதவும் ஆடினால் கீலில்தான் தேய்மானம். கீழ்க்கதவு அசையாமல் மேல்கதவு மட்டும் ஆடினால், அதைப் பிடித்திருக்கும் நட்டுகளை இறுக்குங்கள். எத்தனையோ வண்டிகளில் அதோடு முடிந்துவிடும். இறுகிய பிறகும் மேல்முனை கூரையை விட்டு விலகி நின்றால், நட்டைத் தளர்த்தி, ஒருவர் உள்ளே இருந்து இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் இறுக்கவேண்டும். இடைவெளிக்கு வாஷர் வைப்பதும் உண்டு.

நட்டு இறுகிக்கொண்டே போகிறது, முடிவே இல்லை என்றால் நட்டு பிடித்திருக்கும் இரும்பே கெட்டுவிட்டது. இனிமேல் இறுக்காதீர்கள். அந்த மூலையை வெட்டிப் புது இரும்பு வைக்காமல் எந்த வாஷரும் உதவாது. அதோடு ஓட்டிக்கொண்டும் திரியாதீர்கள். காட்டுப் பாதையில் ஒரு குலுக்கலில் கண்ணாடியோடு சேர்த்து மேல்கதவு விழலாம்.

ஒட்டா, புதிதா

சாக்கட்டி வட்டங்களுக்கு வருவோம். அடிச்சட்டத்தில் மட்டும் வட்டம் என்றால் ஒட்டுப் போடலாம். அடிச்சட்டமும் ஒரு மூலையும் என்றாலும் போடலாம், ஆனால் நல்ல கைக்காரர் வேண்டும். இரண்டு மூலையும் போய், நிற்கும் சட்டத்திலும் ஊசி இறங்கினால் புதிது வாங்குங்கள். அதை ஒட்டுவது வெல்டிங் இல்லை, சிற்ப வேலை. கூலிக்கே புதுக் கதவு வந்துவிடும்.

புதிது என்றால் மூன்று வகை. சாதா இரும்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, அலுமினியம். சாதா இரும்பில் வாங்கினால், மேலே பூசியிருக்கும் கறுப்புப் பூச்சை நம்பாதீர்கள், அது கப்பலில் வரும்வரை தாங்குவதற்கு. சேனல் மாட்டுவதற்கு முன்பே உள்மடிப்புகளுக்கெல்லாம் பிரைமர் போகவேண்டும். நான் வாங்குவதாக இருந்தால் துத்தநாகம் பூசியது. அலுமினியம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அதை இரும்புப் போல்ட்டில் மாட்டினால் மேலே சொன்ன மின்கலக் கதை மறுபடி ஆரம்பிக்கும். எதை வாங்கினாலும் பழைய வடிகால் பிரச்சினையைச் சரிசெய்யாமல் மாட்டினால், சில வருஷத்தில் அதே மூலையில் அதே கொப்புளம்.

ஒட்டுப் போடும்போது

மேல்கதவைக் கழற்றி மேசைக்குக் கொண்டு போங்கள். வண்டியில் வைத்தே இரண்டு பொட்டு வைத்துவிடலாம் என்று ஆசை வரும். 88 அங்குல வண்டியில் பெட்ரோல் தொட்டி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தீப்பொறி விழும் இடமும் அதேதான். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. கிரைண்டர் பொறி பட்டால் முன்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், அது தேய்த்தாலும் போகாது.

கெட்டதை வெட்டும்போது தாராளமாக வெட்டுங்கள். பளபளக்கும் இரும்பு வரும்வரை. ஓட்டையின் விளிம்பில் காகிதம் மாதிரி மெலிந்த இரும்பில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான் பலன். ஒட்டுக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு போதும். மிக் வெல்டிங் (கம்பி தானாக ஓடிவரும் வகை), 0.6 மில்லிமீட்டர் கம்பி. குச்சி வெல்டிங்கில் இந்த மெல்லிய தகட்டைப் பிடிப்பவர்கள் எங்கள் ஊரில் ஒருவரோ இருவரோதான் மிச்சம். அவர்களில் ஓர் அண்ணனிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். "தம்பி, கோடு இழுக்காதே, கோலப்புள்ளி வை" என்பார். ஒரு பொட்டு இந்த முனை, அடுத்தது அந்த முனை, மூன்றாவது நடுவில். தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த சுற்று. புள்ளிகள் சேர்ந்து கோடாகட்டும்.

துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டி ஒட்டினால் வெல்டிங் படும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். புகையை இழுக்காமல் இருப்பதுதான் மருந்து.

துருவை எடுக்க, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மாட்டி ஊறவைக்கும் முறை நல்ல முறை. மேல்கதவின் வெறும் இரும்புச் சட்டத்துக்கு. எதிர் முனைக்குச் சாதா இரும்புத் துண்டு வையுங்கள், எவர்சில்வர் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் இறங்கும். வரும் குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல். கீழ்க்கதவையும் அதே தொட்டியில் முக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். முக்கினால் சோடா அலுமினியத் தோலைத் தின்றுவிடும், சட்டம் மட்டும் பளிச்சென்று கிடைக்கும்.

ஒட்டு நன்றாக இருக்கிறது, கண்ணாடி உள்ளே போகவில்லை

சூட்டில் சட்டம் வளைந்திருக்கிறது. ஒரு தட்டையான தரையில் படுக்கவைத்தால் எந்த மூலை தூக்கி நிற்கிறது என்று தெரியும். கொஞ்சம் என்றால் கையால் எதிர்ப்பக்கம் முறுக்கலாம். அதிகம் என்றால் சில பொட்டுகளை வெட்டி மறுபடி வைப்பதுதான் வழி. இதைத் தவிர்க்க, வெல்டிங்குக்கு முன்பே கண்ணாடியின் அளவில் ஒட்டுப்பலகை வெட்டிச் சட்டத்துக்குள் மாட்டிவிடுங்கள். பலகை ஓரம் கருகட்டும், சட்டம் நிமிர்ந்து நிற்கும். நான் இதை வலது கதவில் செய்யவில்லை. இப்போதும் அந்தக் கண்ணாடி பாதி தூரம் சுகமாக ஓடி, பிறகு முக்கி முனகித்தான் போகும்.

ஆறு மாதத்தில் துரு திரும்பி வந்துவிட்டது

எனக்கு நடந்தது. வெல்டிங் சுத்தம், பிரைமர் இரண்டு கோட்டு, பெயிண்டு மூன்று கோட்டு. புதுச் சேனலை உட்காரவைக்கும்போது, அடியில் தண்ணீர் புகக்கூடாது என்று சட்டம் முழுக்கச் சிலிக்கன் பிதுக்கி ஒட்டினேன். ஹார்ட்வேர் கடையில் குளியலறைக்கு விற்பது. ஆறாவது மாதம் அந்தக் கோட்டை ஒட்டியே பழுப்பு கசிந்தது. பிரித்துப் பார்த்தால் சிலிக்கனுக்கு அடியில்தான் துரு, மற்ற இடம் எல்லாம் சுத்தம்.

டியூபைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. குளியலறை ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது, பெயிண்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட இரும்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகை அல்லது வண்டிக்கென்றே விற்கும் பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, வேலை ஒரு தடவையோடு முடியும்.

இன்னொரு காரணம், வடிகால் துளையைப் பெயிண்டே அடைத்திருக்கும். அல்லது துளை போட்டது பெயிண்டு அடித்த பிறகு, விளிம்பு வெறும் இரும்பாக நிற்கும். சரியான வரிசை: துளை, பிரைமர், பெயிண்டு, சீலன்ட், சேனல். துளை ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கட்டும், சேனலிலும் அதற்கு அடியில் சட்டத்திலும் ஒரே நேர்கோட்டில். மேலே இருக்கும் துளையில் இறங்கிய தண்ணீர் கீழே துளையில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டால், செய்த வேலை எல்லாம் வீண். கடைசியாகச் சட்டத்தின் குழிக்குள் மெழுகு ஸ்ப்ரே. அது இல்லாவிட்டால் கொஞ்சம் இளக்கிய கியர் எண்ணெய், நாறும், ஆனால் காக்கும். திருகுகளை எவர்சில்வரில் போட்டால் அலுமினியத்தில் படும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் மறுபடி அந்தக் குவளைத் தண்ணீர். இந்த முறை வெளியேதான் வழியவேண்டும், அதுவும் உடனே.

வலது பக்கம் இப்போது அப்படித்தான் வழிகிறது. இடது பக்கம் இன்னும் வேலை ஆகவில்லை. அந்தச் செய்தித்தாள் மூலை இருக்கும் பக்கம். அம்மா அங்கே ஏறும்போது மடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொண்டுதான் உட்காருகிறார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன தைப்பூசத்துக்கும் இதைத்தான் சொன்னேன் என்கிறார் அப்பா.